வெற்றிலைக் காம்பு

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த அன்பர்கள், தலைநகர வாழ்வின் பழைய நினைவுகள் எவையேனும் இருந்தால் எழுதித் தருமாறு பணித்தார்கள். 1974-ஆம் ஆண்டு கிராண்ட் டிரங்க் வண்டியில் இரண்டு டிரங்குப் பெட்டிகளோடு தில்லி வந்து இறங்கியவர்கள் நாங்கள். ஆதலால் கரோல்பாக் மாடியறை வாழ்க்கையைப் பற்றியும், குளிர்காலத்தில் உறைய மறுத்த தயிரைப் பற்றியும் எழுதுவோம் என அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவற்றைப் பிறர் எங்களினும் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். எங்கள் நெஞ்சில் நெடுங்காலமாகக் கிடப்பது வேறொன்று. அவையில் சொல்லக் கூசும் ஒரு சொல்லில் அது தொடங்குகிறது. பிறந்த குழந்தை முதன்முதலில் கழிக்கும், கரும்பச்சை நிறத்துப் பிசுபிசுத்த மலத்திற்கு எங்கள் ஊர்ப் பக்கம் காட்டுப்பீ என்று பெயர். புலவர் பெருமக்கள் பொறுத்துக்கொள்க. அச்சொல்லை விலக்கிவிட்டு இக்கட்டுரையை எழுத எங்களால் இயலவில்லை.

எழுதும் கை ஒன்று. நினைவு கணவன் மனைவி இருவருடையது. எனவே நாங்கள் என்றே எழுதிச் செல்கிறோம்.

மூத்த மகள் முறைப்படி தாய்வீட்டில், கோவில்பட்டியில் பிறந்தாள். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது மூத்தவளைப் பள்ளியில் சேர்க்கும் காலம் நெருங்கிவிட்டதால், பேறு தில்லியிலேயே நடக்கட்டும் என்று முடிவு செய்தோம். துணைக்கு ஊரிலிருந்து அம்மா வந்தார். எங்களுள் ஒருவருக்கு அவர் அம்மா, மற்றவருக்கு அத்தை. இங்கே அம்மா என்றே குறிப்பிடுவோம். 1979 டிசம்பர் மாதக் கடுங்குளிரில், ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் மகன் பிறந்தான். மூன்று கிலோ எடை; வார்டையே எழுப்பிவிடும் அழுகை. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த மூன்று நாட்களில் குழந்தை காட்டுப்பீ கழித்ததா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. செவிலி கவனித்திருப்பார் என்று தாய் நினைத்தாள். தாய் கவனித்திருப்பாள் என்று செவிலி நினைத்திருக்கலாம். ஆஸ்பத்திரியிலேயே போயிருக்கும் என்று அம்மா இருந்துவிட்டார். தந்தைக்கு அப்படியொரு கேள்வி உண்டென்பதே தெரியாது. நிறைமாதத்தில் பிறந்த நலமான குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை முதல் 24 மணி நேரத்திற்குள்ளும், ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் 48 மணி நேரத்திற்குள்ளும் அதைக் கழித்துவிடும் என்பதைப் பின்னாளில் அறிந்தோம். கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி அது. பிறந்த நேரத்தை நொடி பிசகாமல் குறித்துச் சாதகம் கணிக்க ஊருக்கு அனுப்பிய நாங்கள், அடுத்த நேரத்தைக் குறிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் குழந்தையின் வயிறு சற்று உப்பலாகத் தோன்றியது. மலம் கழிக்க இரண்டு நாள், மூன்று நாள் ஆயிற்று. அம்மா கலங்கவில்லை. உரைகல்லும் வசம்பும் மாசிக்காயும் கடுக்காயும் அவருடைய துணி மூட்டையிலேயே வந்திருந்தன. உரைமருந்துக்கு அசையாத வயிற்றுக்கு அவரிடம் இன்னொரு வழி இருந்தது. வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்துக் குழந்தையின் ஆசனவாயில் மெல்ல நுழைப்பார். அடுத்த கணம் காற்றும் மலமும் பீறிட்டு வரும். வயிறு தணியும். குழந்தை சிரிக்கும். அம்மாவின் முகத்தில் வென்றவரின் களை வரும்.

காம்புக்கும் தில்லியில் பஞ்சமில்லை. தெருமுனைப் பான் கடைக்காரர் வெற்றிலையின் காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டே பீடா மடிப்பார். அம்மா அவர் கடை முன் போய் நின்று, இந்தி ஒரு சொல்லும் அறியாமல், கையால் காட்டிக் கேட்டு அந்தக் காம்புகளை முந்தானையில் முடிந்து வருவார். எறிகிற பொருளைக் கேட்டு வாங்கும் இந்த மதராசிக் கிழவி எதற்கு அதைக் கொண்டுபோகிறார் என்று கடைக்காரர் எங்களை ஒருமுறை விசாரித்தார். விடை சொல்ல நாணி, சமையலுக்கு என்று சொல்லிவைத்தோம். மதராசிகளின் சமையலைப் பற்றி அவர் என்ன எண்ணிக்கொண்டாரோ!

நான்கு மாதம் இப்படியே ஓடிற்று. 1980 ஏப்ரலில் ஒரு நாள் காம்புக்கும் வயிறு இசையவில்லை. மறுநாள் காலை வயிறு மத்தளம்போல் விம்மி, தோல் பளபளத்து, நீல நரம்புகள் தெரிந்தன. பச்சையாக வாந்தி எடுத்தான். காய்ச்சல் அனலாய் எரிந்தது. கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் எட்டிப் பார்த்தார். ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கிப்போய்த் தம் கணவரை எழுப்பி, டாக்ஸி பிடித்துவரச் சொன்னார். அந்த அரைமணி நேரப் பயணத்தில் குழந்தை அழவில்லை. அதுவே எங்களை மிகவும் அச்சுறுத்தியது.

பெரிய மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்று தனி அறுவை மருத்துவப் பிரிவு இருந்தது. முதியவர்களுக்கு அறுவை செய்பவரே குழந்தைகளுக்கும் செய்துவிடுவார் என்று எண்ணியிருந்த எங்களுக்கு அப்படியொரு துறை இருப்பதே அன்றுதான் தெரியும். பணியிலிருந்த இளம் மருத்துவர் கையுறையிட்ட சுண்டுவிரலால் சோதித்தார். விரலை எடுத்ததும் துர்நாற்றத்தோடு நீரும் காற்றும் பீறிட்டு அவருடைய வெள்ளை மேலங்கியை நனைத்தன. நாங்கள் குன்றிப்போய் மன்னிப்புக் கேட்டோம். அவரோ ஏதோ புதையலைக் கண்டவர்போல் தலைமை மருத்துவரை அழைத்துவர ஓடினார்.

தலைமை மருத்துவர் வங்காளத்தவர். அவர் கேட்ட முதற் கேள்வி, பிறந்து எத்தனை மணி நேரத்தில் குழந்தை முதல் மலம் கழித்தது என்பது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அடுத்து, வீட்டில் என்ன செய்தீர்கள் என்றார். வெற்றிலைக் காம்பைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னோம். வசை விழும் என்று காத்திருந்தோம். அவர் சினக்கவில்லை. காம்பு குடலைக் கிழித்திருக்கக்கூடும், இனி ஒருபோதும் செய்யாதீர்கள் என்று எச்சரித்துவிட்டு, இத்தனை நாள் இவன் உயிரோடு இருப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்றார். நாங்கள் ரப்பர்க் குழாய் வைத்துச் செய்யப்போவதை உங்கள் தாயார் காம்பை வைத்துச் செய்திருக்கிறார். ஆனால் அது நோயை நான்கு மாதம் எங்கள் கண்ணுக்கு மறைத்தும்விட்டது என்றார்.

மூன்றாவதாக, குடும்பத்தில் வேறு எந்தக் குழந்தைக்காவது இப்படி இருந்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்று நாங்கள் உடனே விடையளித்தோம். என்ன கேட்கிறார் என்று அம்மா எங்களை வினவினார். தமிழில் சொன்னோம். அம்மா சிறிது நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு முந்தி ஒருத்தன் பொறந்தாம்யா. அஞ்சு மாசம் இருந்தான். அவனுக்கும் இப்பிடித்தான், வயிறு பானை கணக்கா. மாந்தம்னு சொல்லி மஞ்சளச் சுட்டு வயித்துல சூடு வச்சாக. மூணாம் நாள் போயிட்டான்."

முப்பத்து மூன்று வயதுவரை தானே தலைமகன் என்று எண்ணியிருந்தவருக்கு, ஒரு தமையன் இருந்தான் என்பது தில்லி மருத்துவமனையின் தாழ்வாரத்தில் தெரியவந்தது. அதை இந்தியிலும் ஆங்கிலத்திலும் பெயர்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கே வாய்த்தது. மருத்துவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு எழுந்து, அம்மாவின் தோளைத் தொட்டு, வங்காளியில் ஏதோ சொன்னார். அதை யாரும் பெயர்க்கவில்லை.

நோயின் பெயர் ஹிர்ஷ்ஸ்பிரங் நோய். கோபன்ஹேகன் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்பிரங் என்பவர் 1886-ஆம் ஆண்டு பெர்லினில் கூடிய மருத்துவர் அவையில் இதை எடுத்துரைத்தார். ஓராண்டுகூட நிரம்பாமல் இறந்த இரண்டு ஆண் குழந்தைகளின் குடலை அவர் ஆராய்ந்திருந்தார். பெருங்குடல் பேருருவாக வீங்கி, சுவர் தடித்து இருந்தது. கீழே மலக்குடல் வழக்கமான அளவிலேயே இருந்தது. வீங்கியதே நோயுற்ற பகுதி என்று அவர் முடிவு செய்தார். பார்க்கும் எவரும் அவ்வாறே முடிவு செய்வர். 1916-இல் அவர் மறையும் வரையிலும் உண்மைக் காரணம் உலகுக்குப் புலப்படவில்லை. அதன் பின்னும் பல்லாண்டுகள், அறுவை மருத்துவர்கள் வீங்கிய குடலை வெட்டி எடுத்தார்கள். முதுகுப்புறத்து நரம்புகளை அறுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் சில காலம் தேறுவார்கள், மீண்டும் வயிறு உப்பும்.

மருத்துவர் இதை எங்களுக்கு ஒரு பழைய எக்ஸ்ரே உறையின் பின்புறத்தில் படம் வரைந்து விளக்கினார். பேரியக் கரைசலைச் செலுத்தி எடுத்த எங்கள் மகனின் படத்தையும் விளக்கொளியில் காட்டினார். மேலே பெரிய பூசணிக்காய். அது புனல்போல் குறுகி, கீழே விரல் பருமனுள்ள குழாய். எது நோயுற்றது, சொல்லுங்கள் என்றார். நாங்கள் பூசணியைத் தொட்டோம். இல்லை, அது நலமான குடல். அடைபட்ட வழியில் தள்ளித் தள்ளி அப்படி வீங்கிவிட்டது. நோயெல்லாம் பார்வைக்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும் இந்தக் குறுகிய பகுதியில்தான் என்றார். நான்கு மாதமாக நாங்களும் வயிற்றின் உப்பலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

உணவைக் குடல் தானே நகர்த்துகிறது. ஓரிடம் சுருங்க, அடுத்த இடம் விரிய, அலை அலையாக அது கீழே செல்கிறது. இவ்வியக்கத்தை ஆளும் நரம்பணுக்கள் குடற்சுவருக்குள்ளேயே இரண்டு அடுக்குகளாகப் பரவியிருக்கின்றன. மூளையைக் கேளாமலே தம் வேலையைச் செய்யவல்லவை அவை. இந்நோயில் குடலின் கடைசிப் பகுதியில் அவ்வணுக்கள் இருப்பதில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு மலக்குடலும் அதற்குச் சற்று மேலும் மட்டும். சிலருக்குப் பெருங்குடல் முழுவதும். அணுக்கள் இல்லாத பகுதி தளர அறியாது. எப்போதும் சுருங்கியே இருக்கும். பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒன்றுக்கு இது வருகிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு நான்கு மடங்கு.

இதை அறுவை அரங்கில் மெய்ப்பித்தவர் ஆர்வர் ஸ்வென்சன். ஸ்வீடனில் பிறந்து, அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றியவர். வயிறு உப்பிய குழந்தைகளுக்குப் பெருங்குடலை வயிற்றின் வழியே வெளியே திறந்துவிட்டால் அவர்கள் தேறுவதையும், அத்திறப்பை மூடினால் நோய் திரும்புவதையும் அவர் கண்டார். குடலுக்குள் சிறு பலூன்களை வைத்து அலைகளைப் பதிவு செய்தபோது, மேலிருந்து வரும் அலை கடைசிப் பகுதியில் நின்றுபோவது தெரிந்தது. அவ்வாறாயின் வெட்ட வேண்டியது வீங்காத பகுதியையே. நாய்களிடம் செய்து பழகியபின், குறுகிய பகுதியை அகற்றி நல்ல குடலைக் கீழே இழுத்து, மலத்தை அடக்கும் தசையைக் காத்து ஆசனவாயோடு இணைக்கும் முறையை, பில் என்ற தம் துணைவரோடு 1948-இல் வெளியிட்டார். ஹிர்ஷ்ஸ்பிரங் சொன்னதற்கும் இதற்கும் இடையே 62 ஆண்டுகள். எங்கள் அம்மாவின் தலைமகன் பிறந்து இறந்தது ஏறத்தாழ 1943-இல். அம்மாவுக்கு ஆண்டுக் கணக்கு தெரியாது. போர்க்காலம், கெரசினுக்கு வரிசையில் நின்ற காலம் என்பார். அன்று அவனைப் பாஸ்டனுக்கே கொண்டுபோயிருந்தாலும் காத்திருக்க முடியாது என்று நாங்கள் பிற்பாடு அவரிடம் சொன்னோம். பாஸ்டன் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

அவ்வணுக்கள் ஏன் இல்லாமற்போகின்றன என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். இதற்கு விடை தந்தவை ஒரு காடையும் கோழியும் ஆகும். குடல் நரம்பணுக்கள் குடலில் தோன்றுவதில்லை. கருவின் முதுகுத்தண்டு உருவாகும் வேளையில், அதன் கழுத்துப் பகுதியின் ஓரத்திலிருந்து அவை புறப்படுகின்றன. கோழிக் கருவில் அப்பகுதியை நீக்கினால் குடலில் நரம்பணு தோன்றாமை 1950-களிலேயே தெரிந்திருந்தது. பிரான்சு நாட்டு ஆய்வாளர் நிக்கோல் லெ துவாரேன் அம்மையார், காடையின் அணுவையும் கோழியின் அணுவையும் நுண்ணோக்கியில் அவற்றின் உட்கருவைக் கொண்டே பிரித்தறியலாம் என்பதைக் கண்டறிந்தார். பின்னர்க் காடைக் கருவிலிருந்து அந்தத் துணுக்கை எடுத்துக் கோழிக் கருவில் பதியம் வைத்தார். சில நாட்கள் கழித்துக் கோழியின் குடற்சுவர் நெடுகக் காடை அணுக்கள்! தம் துணைவர் தெய்யே அம்மையாரோடு அவர் 1973-இல் இதை வெளியிட்டார்.

மனிதக் கருவில் இப்பயணம் நான்காம் வாரத்தில் உணவுக்குழாய்ப் பக்கம் தொடங்கி, ஏழாம் வாரத்தையொட்டிக் கடைக்குடலில் முடிகிறது. தாய்க்கே கரு தங்கியது உறுதிப்படாத நாட்கள். செல்லும் வழியிலேயே அணுக்கள் பெருக வேண்டும். பெருகினால்தான் முன்செல்ல ஆள் இருக்கும். தொகை குறைந்தாலோ, வழிகாட்டும் வேதிச் சைகைகள் பிழைத்தாலோ, கடைசிச் சாண் தொலைவு போய்ச்சேராமல் நின்றுவிடுகின்றன. இதற்கு ஆங்கிலத்தில் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் சொல்லும், நம்மைப் போன்று ஊர்விட்டு ஊர் போனவர்களுக்கு அரசாங்கம் பயன்படுத்தும் சொல்லும் ஒன்றே. இவ்வொற்றுமையைச் சங்கத்து நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் கவிதை எழுதிவிடுவதாக அச்சுறுத்தினார். பிள்ளை படுக்கையில் கிடந்த நாட்களில் எங்களுக்கு அதில் கவிதை ஒன்றும் தோன்றவில்லை.

முதல் வாரம் காய்ச்சலைத் தணிப்பதிலும் குழாய் வைத்துக் குடலைக் கழுவுவதிலும் சென்றது. கழுவுவதற்கு உப்புநீரே வேண்டும். ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு. வெறும் நீரைச் செலுத்தினால், வீங்கிய குடல் அதை உறிஞ்சி, இரத்தத்தின் உப்பு குலைந்து குழந்தை இறக்கவும் கூடும் என்று செவிலித் தலைவி எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். பின்னர் மயக்கம் கொடுத்து மலக்குடலிலிருந்து சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நரம்பணு இல்லை. பிறகு, நல்ல அணுக்கள் உள்ள இடமாகப் பார்த்துப் பெருங்குடலை இடது வயிற்றில் திறந்துவிட்டார்கள். கொலாஸ்டமி என்றார்கள். ரோஜா நிறத்தில், ஈரமாக, அரை ரூபாய் நாணயத்தளவு குடல்வாய். குழந்தை ஒன்பது கிலோ எடை வந்தபின் பெரிய அறுவை. அதுவரை இப்படித்தான் என்றார்கள்.

அந்தப் பத்து மாதத்தை எழுதுவது எளிதன்று. இன்று கிடைக்கும் ஒட்டுப் பைகள் அன்று எங்கள் கைக்கு எட்டவில்லை. துணியே கதி. அம்மா தம் பழைய நூல்சேலைகள் நான்கையும் சதுரம் சதுரமாகக் கிழித்தார். வாயைச் சுற்றித் தோல் புண்ணாகாமல் துத்தநாகக் களிம்பைத் தடவி, நடுவே துளையிட்ட துணியை வைத்து, மேலே மடித்த துணியை வைத்து, நீண்ட பட்டையால் சுற்றிக் கட்டுவார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை. அவிழ்த்த துணியை அலசி, சோடா உப்பிட்டுக் கொதிக்கவைத்து, மொட்டைமாடி வெயிலில் காயப்போடுவார். நாற்றம் வருகிறது என்று வீட்டுக்காரர் ஒருமுறை படியேறி வந்தார். கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் அவரை வழியிலேயே நிறுத்தி என்ன சொன்னாரோ, மீண்டும் அவர் வரவில்லை. மறுநாள் அந்த அம்மையார் ஒரு கட்டு மல்மல் துணியை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

இத்தனையும் செய்த அம்மா, மருத்துவமனையிலிருந்து திரும்பிய நாள்முதல் வெற்றிலை போடவில்லை. ஐம்பதாண்டுப் பழக்கம். பாக்குவெட்டியும் சுண்ணாம்பு டப்பாவும் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தன. மருத்துவர் சொன்னதை, அதாவது காம்பினால் பிள்ளை பிழைத்திருக்கலாம் என்பதை, நாங்கள் பலமுறை எடுத்துச் சொன்னோம். ஆமாம்யா, ஆமாம்யா என்பார். கேட்டுக்கொண்டாரா என்பது தெரியாது.

1981 மார்ச்சில் பெரிய அறுவை நடந்தது. ஸ்வென்சன் முறைப்படியே செய்தார்கள். பிரான்சின் டுஹாமெல், இத்தாலியின் சோவே ஆகியோர் வகுத்த முறைகளும் வழக்கில் இருந்தன. காலை எட்டு மணிக்கு உள்ளே சென்றவன் பிற்பகல் இரண்டரைக்கு வெளியே வந்தான். நடுவே ஒருமுறை, வெட்டிய முனையில் அணுக்கள் உள்ளனவா என்று பார்க்க, உறையவைத்த துண்டொன்றை ஆய்வகத்திற்கு எடுத்துக்கொண்டு பணியாளர் ஒருவர் எங்களைக் கடந்து ஓடினார். அந்தச் சிறு கிண்ணத்தில் எங்கள் பிள்ளையின் துண்டு இருக்கிறது என்று தெரிந்து, அவர் திரும்பி வரும்வரை நின்ற இடத்திலேயே நின்றோம். ஜூன் மாதம் வயிற்றின் திறப்பையும் மூடினார்கள். ஆக மூன்று அறுவைகள்.

இன்று பல குழந்தைகளுக்கு ஒரே அறுவையில், வயிற்றைக் கிழிக்காமல் ஆசனவாயின் வழியாகவே இதைச் செய்துவிடுகிறார்கள். மெக்சிகோ நாட்டு மருத்துவர்கள் 1998-இல் வெளியிட்ட முறை அது. துண்டெடுப்பதற்கும் மயக்க மருந்து தேவையில்லாத உறிஞ்சு கருவி, ஹெலன் நோப்லெட் என்ற அம்மையார் 1969-இலேயே கண்டது, பரவலாக வந்துவிட்டது. தாய்மார் முதல் இரண்டு நாளிலேயே சொன்னால் இத்தனையும் வெகு எளிது.

அறுவை முடிந்ததும் கதை முடிந்ததென்று எண்ணினோம். மலத்தை அடக்கும் பழக்கம் அவனுக்கு ஒன்பது பத்து வயதுவரை முழுமையாக வரவில்லை. சில நாள் கட்டிக்கொள்ளும். சில நாள் அறியாமலே கசியும். இவ்வறுவை செய்துகொண்ட பிள்ளைகள் பலருக்கும் அது நேர்வதே, வளர வளரத் தேறுவார்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பள்ளியில் உடன்படித்தவர்கள் வைத்த பெயரை எழுத மனம் வரவில்லை.

ஒரு பொங்கல் விழாவில், ஆறு வயதில், சங்க மேடையில் திருவள்ளுவராக வேடமிட்டு நின்றவன் நடுவிலே அசையாமல் நின்றுவிட்டான். எங்களுக்குப் புரிந்துவிட்டது. நாங்கள் எழுவதற்குள், மேடைக்குப் பின்னாலிருந்த சங்கத்து அம்மையார் ஒருவர் வந்து, சிறப்பு விருந்தினருக்கென்று தட்டில் வைத்திருந்த பொன்னாடையை எடுத்து அவனைச் சுற்றி, திருவள்ளுவருக்கு முதல் மரியாதை என்று ஒலிபெருக்கியில் சொல்லி உள்ளே அழைத்துச் சென்றார். அவையோர் கை தட்டினார்கள். உள்ளே அவரே கழுவி, உடை மாற்றி, அரைமணியில் அவனைப் பொங்கலும் கையுமாக எங்களிடம் அனுப்பினார். விருந்தினருக்கு மாலை மட்டுமே கிடைத்தது. அந்த அம்மையார் மறைந்து பல்லாண்டாகிறது. அவனுக்கு என்ன நோய் என்று அவர் எங்களிடம் கேட்டதேயில்லை.

அம்மா 1991-இல் ஊரில் காலமானார். மூன்றாண்டு கழித்து, 1994-இல், ரெட் என்னும் மரபணுவின் பிழை இந்நோய்க்குக் காரணமாவதை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். குடும்ப வழியாக வரும் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அப்பிழை உண்டு. பிழையைச் சுமப்பவருக்கே நோய் வராமல், அவர் பிள்ளைக்கு வருவதும் உண்டு. பெயரில்லாமல் போன அந்தத் தமையனுக்கும் எங்கள் மகனுக்கும் இருந்தது ஒன்றுதானா என்று இனி எந்தச் சோதனையும் சொல்லாது. மகனும் தன் மரபணுவைச் சோதிக்கவில்லை. 2016-இல் நியூயார்க் ஆய்வாளர்கள், தண்டணுவிலிருந்து மனிதக் குடல் நரம்பணுக்களுக்கு முன்னோடியான அணுக்களை வளர்த்து, இந்நோயுள்ள எலிகளின் குடலில் பதித்து, அவை பரவி எலிகள் பிழைத்ததைக் காட்டினார்கள். பிள்ளைகளிடம் அது இன்னும் வந்து சேரவில்லை.

2014-ஆம் ஆண்டு அவனுக்கு மகள் பிறந்தாள், பெங்களூரில். பேற்றுக்கு முன்னரே குழந்தை மருத்துவரிடம் தன் வரலாற்றை எழுதிக் கொடுத்திருந்தான். தந்தைக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு குறைவே, ஆனாலும் பிறரைவிடக் கூடுதல் என்று அவர் சொல்லியிருந்தார். காலை ஐந்து மணி பத்து நிமிடத்திற்குப் பிறந்தாள் என்று செய்தி வந்தது. நாங்கள் தில்லியில் சாப்பாட்டு மேசைமேல் ஒரு தாளை வைத்து நேரத்தை எழுதினோம். ஆறு மணி. ஒன்பது மணி. பேத்தி யாரைப் போல இருக்கிறாள் என்று நாங்கள் கேட்கவுமில்லை, அவன் சொல்லவுமில்லை. பகல் உணவை எடுத்துவைத்துவிட்டு இருவரும் உண்ணவில்லை. பிற்பகல் நான்கு மணி தாண்டிச் சற்று நேரத்தில் கைப்பேசி ஒலித்தது. ஒரு படம். வெள்ளைத் துணியில் உள்ளங்கையளவு கரும்பச்சைக் கறை.

படத்தின் அடியில் ஒரே சொல்லைத் தமிழில் எழுதியிருந்தான். சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்த தமிழ். நடுவில் ஒரு பகர ஒற்று விட்டுப்போயிருந்தது.